ரங்கூன் ஆணி

தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஆய்வாளர் முன்னால், என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பூகோள டீச்சர். தற்காலிக வேலை. ஆய்வாளர் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். அதற்காகத்தான் அந்தப் பலகையோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன்.

பலகையில் இந்திய வரைபடம். ஒவ்வோர் ஊர் இருக்கும் இடத்திலும் ஒரு பித்தளை ஆணி. இடது ஓரத்தில் ஊர்ப் பெயர்கள், அவற்றுக்கும் ஆணி. பெயரையும் இடத்தையும் பின்பக்கம் ஒயர் இணைக்கும். டார்ச் பேட்டரியிலிருந்து வரும் ஒரு ஒயரைப் பெயரிலும் இன்னொன்றை இடத்திலும் வைக்க வேண்டும். சரியென்றால் பல்பு எரியும். தப்பென்றால் எரியாது. பிரம்புக்கு வேலையில்லை.

ஒரே வாரத்தில் வகுப்பே தப்பில்லாமல் எரியவைத்தது. எனக்குச் சந்தேகம். ஆத்தங்குடியிலிருந்து வரும் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பெயர்களைக் காகிதத்தால் மறைத்து, நாக்பூரைக் காட்டச் சொன்னேன். அப்போதும் பல்பு எரிந்தது.

"நாக்பூர் எங்குட்டு இருக்குன்னெல்லாம் தெரியாது டீச்சர். மூணாவது பேருக்கு நடு ஆணி. அம்புட்டுத்தான்."

ஆணியைத்தான் படித்திருக்கிறாள். தப்பு என்னுடையது. ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும்படி பின்பக்கம் கொக்கி வைத்தேன். பெயர்களை அட்டையில் எழுதித் தினமும் இடம் மாற்றித் தொங்கவிட்டேன், ஒயரையும் மாற்றி மாட்டினேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் ஆற்றையும் கடற்கரையையும் பார்த்து ஊரைத் தேட ஆரம்பித்தார்கள்.

வரைபடத்தை நான் படியெடுத்தது ஒரு பழைய துணிப் படத்திலிருந்து. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நீங்கள் கேட்டு வாங்கி வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் படம், பர்மாவும் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. பாகிஸ்தானைப் பாடநூல் பார்த்துத் திருத்தினேன். பர்மாவையும் வெளியே தள்ளப் போனபோது நீங்கள் வந்தீர்கள்.

"ரங்கூன் இல்லாம ஒரு மேப்பா? குடுத்தவுக என்ன நினைப்பாக? அவுக அப்பச்சி கடை வச்சிருந்த ஊரு. நம்ம ஊருக வரிசையிலேயே போடுங்க."

தப்பு என்றேன். உங்கள் குரல் தணிந்தது. "உங்களுக்கு இன்னும் வேலை நிலைக்கலைல்ல, டீச்சர்?"

ஆணியை அடித்தேன். என் கையால்தான் அடித்தேன், மறுக்கவில்லை.

ஆய்வு நாளில் படம் கொடுத்த வீட்டு ஆச்சிமாருக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டீர்கள். ஆய்வாளர் அதே ஆத்தங்குடிப் பெண்ணைக் கூப்பிட்டு ரங்கூனைக் காட்டச் சொன்னார். பல்பு எரிந்தது.

"ரங்கூன் எந்த நாட்டுல இருக்கு?"

அவள் பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம நாட்டுல, சார்."

ஆச்சிமார் சிரித்துத் தலையாட்டினார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. இது யார் வேலை என்று உங்களைத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. டீச்சர் அவுக இஷ்டத்துக்குப் பண்ணியிருக்காக."

ஆய்வாளரோடு உங்கள் அறைக்குப் போனதும் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்பிக்கிறார் என்று ஆய்வாளர் அறிக்கையில் எழுதினார். கோடை விடுமுறைக்குப் பிறகு எனக்கு வேலையில்லை. அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் வகுப்பில் "ரங்கூன்" என்றே கூப்பிட்டார்களாம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே என் பலகை. கீழே, 'ஆக்கம்: தலைமையாசிரியர்'. பர்மாவைக் கடல் நிறத்தில் பூசி மறைத்திருந்தீர்கள். ரங்கூன் ஆணியைப் பிடுங்கிய ஓட்டையை அடைத்த மெழுகு துருத்திக்கொண்டு நின்றது. பின்பக்கம் பார்த்தேன். நான் வைத்த கொக்கிகள் அப்படியே இருந்தன.

நம் பள்ளியின் இந்த ஆண்டுவிழாவில் உங்களுக்குப் பாராட்டு, அந்தப் பலகையையும் மேடையில் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வருகிறேன். ஆத்தங்குடிப் பெண்ணும் வருகிறாள். மாலையைக் கழுத்தில் வாங்கும் முன் மைக்கில் சொல்லுங்கள்: அந்த ஆணியை அடிக்கச் சொன்னது யார்?