வியாகப்பன் எடுத்த வள்ளம்

பந்தல்குடியில் கம்பும் உளுந்தும் விதைக்கும் வியாகப்பனுக்கு மாட்டுச் சந்தையில் கண் தப்பாது. அந்தத் திமிரில்தான் வேம்பாரில் மீன்பிடிக்கும் மருமகனுக்குப் பழைய பாய் வள்ளம் வாங்கித்தரக் கிளம்பினார்.

கரையில் இரண்டு வள்ளங்கள். ஒரே நீளம், ஒரே பச்சைச் சாயம், இரண்டிலும் ஒட்டுப்போட்ட பாய். தண்ணீரில் கிடந்ததன் உள்ளே சாண் அளவு நீர் நின்றது. மற்றது மாதக்கணக்காக மணலில் காய்ந்து கிடந்தது.

"ஒழுகுறத எவன் எடுப்பான்? காஞ்சு கெடக்கே, இதுதான் நல்லது," என்றார்.

மருமகன் கிளாட்வின் தண்ணீரில் கிடந்த வள்ளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "நீங்க சொன்னாச் சரிதான் மாமா."

கடலில் இறக்கியதும், வெயிலில் வெடித்திருந்த பலகைகள் வழியாகத் தண்ணீர் ஏறியது. வேண்டாமென்ற வள்ளத்தில் நின்றது முந்தின நாள் மழைத் தண்ணீராம். மழைக்கு ஏங்கியே காலம் தள்ளியவருக்கு அது தோன்றவேயில்லை. ஆனால் மரம் காய்ந்தால் என்னாகும் என்று தெரியாதவரா? காய்ந்து கழன்ற வண்டிச் சக்கரத்தைக் கண்மாயில் ஊறப்போட்டே வளர்ந்தவர்.

மூன்று வருஷமாகக் கிளாட்வின் தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் தொழிலுக்குப் போகிறான். கேட்டால், "நல்ல வள்ளம் மாமா," என்கிறான். ஒரு தடவை வைதுவிட்டாலும் தேவலை என்றிருக்கும் வியாகப்பனுக்கு.

'ஒங்களுக்கு எது தோதுப்படும் மாப்ள?' அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவில்லை.