வெட்டுவதா, புரட்டுவதா

அவள் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். பதினெட்டு வருஷத் தொழில். விரல் இடுக்கில் எந்நேரமும் கரிப்பொடி ஒட்டியிருப்பதால் கடைக்காரர்களுக்கு அவள் 'டோனரக்கா'.

ஒருநாள் ஒரு சங்க அலுவலகத்தில், மெஷினில் சிக்கிய காகிதத்தை உருவப் போனாள். பக்கத்துக் கூடத்தில் ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தால், தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு ரோபோ இரண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. போன காரியம் மறந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

எடை நூற்றைம்பது கிராமைத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் அங்கே கறார். மோட்டார், சக்கரம், பேட்டரி எல்லாம் அவளுக்குக் கைவந்த சங்கதி. ஆயுதம்தான் பிடிபடவில்லை. சுத்தியலா, முள் உருளையா என்று பழைய காகிதங்களின் முதுகில் வரைந்து தள்ளினாள். கடைசியில் மனசு சுழல்கத்தியில் போய் நின்றது.

"பாக்கறவன் மிரளணும்ல" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் ஆஸ்பத்திரி நர்ஸ், மாடி வீட்டில் குடியிருப்பவள். "பாத்து செய்ங்க அண்ணி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கத்திக்கான மோட்டாரை வைத்ததும் எடை நூற்று எழுபதுக்கு ஏறியது. அங்கே சுரண்டி, இங்கே துளை போட்டு, போதாததற்குக் கத்தியைப் பிடித்திருந்த திருகையும் மெல்லியதாக மாற்றினாள். புத்தி பிசகியது அங்கேதான்.

ஞாயிறு காலை சமையலறையில் சோதனை. ரோபோவின் மேல் துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்தாள். நாத்தனார் கதவருகில் நின்று வேடிக்கை பார்த்தாள். கத்தி சீறத் தொடங்கியபோது நாத்தனாரின் போன் அடித்தது. எடுக்கக் கூடத்துக்கு நகர்ந்தாள். 'படார்' என்று ஒரு சத்தம். திருகு முறிந்து, டப்பைத் துளைத்துக்கொண்டு வந்த கத்தி கதவில் குத்தி நின்றது. அளந்து பார்க்கத் தேவையில்லை; நாத்தனாரின் கழுத்து உயரம்.

டோனரக்கா தரையிலேயே உட்கார்ந்தாள். திரும்பி வந்த நாத்தனார் கதவையும் பார்த்தாள், அண்ணியையும் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்கு இது வேண்டாம்டியம்மா. போட்டிக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, அண்ணி." நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சண்டைன்னா வெட்டித்தான் ஆகணுமா? புரட்டிப் போட்டா ஒத்துக்க மாட்டாங்களா?"

"புரண்டு பத்து எண்ணறதுக்குள்ள நகரலைன்னா தோல்விதான்."

"அப்புறம் என்ன? நூறு கிலோ ஆளை வார்டுல நான் ஒத்தையாப் புரட்டறேன். பலமெல்லாம் வேண்டாம். கையை நல்லா அடியில குடுக்கணும், அவ்வளவுதான்."

டோனரக்கா உள்ளங்கையைத் தரையோடு சரித்து நகர்த்திப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு காகிதத்தை எடுத்தாள்.

தரையை உரசும் சரிவான தகடு, அதன் நடுவில் எழும்பும் சின்னக் கை. அதை இயக்க விரல்நுனி அளவு மோட்டார் போதும். எடை நூற்று நாற்பத்தாறு. அந்த வாரம்தான் அவள் ஒழுங்காகத் தூங்கினாள்.

போட்டியில் முதல் எதிராளியிடமே சுழல்கத்தி. அது இரண்டு முறை மோதித் தகட்டின் ஓரத்தை நசுக்கியது. டோனரக்கா ரிமோட்டைத் தாறுமாறாக அழுத்தினாள். "அவசரப்படாதீங்க, அடியில போங்க" என்றாள் பின்னால் நின்ற நாத்தனார். மூன்றாவது மோதலில் தகடு சரியாக அடியில் நுழைந்தது. தன் ரோபோவின் கையை எழுப்பினாள். எதிராளி ரோபோ மல்லாந்து விழுந்து சக்கரம் காற்றில் சுற்ற, நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

இரண்டாவது சண்டையில் தோற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்டான், "என்னாச்சு?"

"ஒண்ணு ஜெயிச்சோம், ஒண்ணு தோத்தோம்" என்றாள் டோனரக்கா, செருப்பைக் கழற்றியபடி. "யாருக்கும் ஒரு கீறல் இல்லைங்க."