காந்தல் சோற்றுக்கு வாங்கிய சொல்

காட்டிக்கொடுத்தவன் நான்தான். மாதி அல்ல.

இருபது வருடங்களுக்கும் மேலாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பீளமேட்டில் என் மெஸ்ஸில் சாப்பிடும் கல்லூரிப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்... அண்ணன் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பார்கள். அந்த வாய் இதை மட்டும் சொல்லவில்லை!

சத்தியமங்கலத்துக்கு மேலே, மலைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் இளவயதில் சமையல்காரனாக இருந்தேன். காட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி வருவார்கள். மொட்டையடிப்பார்கள். வீட்டுப் பேச்சு பேசக்கூடாது. பேசினால் முட்டி போட வேண்டும். சமையற்கட்டில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. எனக்கு அவர்கள் பேச்சு வேண்டியிருந்ததே!

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன் நான். சனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். யாராவது புதிதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுப்பை மறந்து நிற்பேன். காய் நறுக்க ரங்கி, மாதி என்று இரண்டு சிறுமிகள் வருவார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியைப் பார்க்க முடியாது. இதற்கு என்ன சொல்வீர்கள், அதற்கு என்ன சொல்வீர்கள் என்று நச்சரிப்பேன். ஒரு சொல்லுக்கு, அண்டாவின் அடியில் பிடித்த காந்தல் சோறு ஓர் உருண்டை, வெல்லம் தொட்டு. அதுதான் எங்கள் பேரம்.

ஒருநாள் ரங்கி, வார்டனுக்குத் தான் வைத்த பட்டப்பெயரைச் சொன்னாள். அவர்கள் பேச்சில் ஒரே ஒரு சொல். பொருள் கேட்டேன்.

"முட்டை போடாமயே கொக்கரிக்கிற கோழிங்ண்ணா!"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு பொருத்தம்!

அதை எனக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாதா? மாலையில் ஆசிரியர்களுக்கு டீ கொடுக்கும்போது சொன்னேன். எதற்காக? சிரிக்கவைக்கவா? படித்தவர்கள் மத்தியில் எனக்கும் ஒரு பாஷை தெரியும் என்று காட்டவா? எல்லோரும் சிரித்தார்கள். கதவருகே வந்து நின்ற வார்டன் சிரிக்கவில்லை.

"யார்றா சொன்னது?"

"ரங்கிங்க."

அவர் மிரட்டவில்லை. என்னை அடிக்கவில்லை. கேட்டார், சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்!

மறுநாள் காலை அவளைச் சரளைக்கல் மேல் முட்டி போடவைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்தச் சொல்லைத் தொண்டை கட்டும்வரை கத்தச் சொன்னார்கள். சன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன்... அடிப்பிடிக்காமல்.

அதற்குப் பின் ரங்கி தன் வீட்டுப் பேச்சைப் பேசவே இல்லை. அந்தப் பெயரைச் சொன்னபோது உடனிருந்தவர்கள் மாதியும் நானும். மாதிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அப்படியானால் மாதிதான் சொல்லியிருப்பாள் என்று ரங்கி முடிவு கட்டிக்கொண்டாள். காந்தல் சோறு கொடுக்கிற அண்ணன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பள்ளி மூடப்பட்டது. சில வருடங்களாக, அங்கே படித்தவர்கள் ஆண்டுக்கொரு நாள் அதே கட்டடத்தில் கூடுகிறார்கள். வீடு திரும்பாமலே காய்ச்சலில் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள். ஞாயிறுதோறும் தங்கள் பேச்சைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தருபவள் மாதி. மெஸ் பையன்கள் சேர்த்துத் தரும் சிலேட்டு, புத்தகம், கம்பளியோடு அரிசியும் ஏற்றிக்கொண்டு நான் வேனில் போவேன். அன்றைய சமையல் என் பொறுப்பு.

இந்த வருடம் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். "எங்க பேச்சைக் காது குடுத்துக் கேட்ட ஒரே மனுசன்" என்றார்கள். கைதட்டினார்கள்! அந்தத் துண்டு கழுத்தில் கிடக்க, பரிமாறப் போனேன்.

ரங்கியின் மகள், மாதி சொல்லித்தரும் வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய உள்ள அனுப்பலாமில்ல அம்மணி?" என்றேன் ரங்கியிடம்.

"காட்டிக்குடுத்தவ வாயிலருந்து என் புள்ளைக்கு ஒரு சொல்லும் வேண்டாமுங்ண்ணா."

"நீயே சொல்லிக்குடேன்."

"எனக்கு வாய் வர்றதில்லீங்க." மகளைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஏனுங்ண்ணா, அவ எதுக்கு அப்படிச் செஞ்சா? நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

அவள் முகத்தில் கோபமே இல்லை... அறிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். அடுப்படியில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு நின்றேனே, அப்போது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. துண்டும் என் கழுத்தில் இருந்தது.

"தெரியலையே அம்மணி" என்றேன்.

உங்களிடம் சொல்கிறேனே, அவளிடம் ஏன் சொல்லவில்லை? நீங்கள் எனக்குத் துண்டு போர்த்தவில்லை... அதனால்தானோ?

பந்தியின் கடைசியில் மாதி தட்டை நீட்டினாள். வருடா வருடம் தன் தட்டில் சோறு விழும் முன்பு, ரங்கி இருக்கும் பக்கம் திரும்பாமலே, என்னிடம் ஒன்று கேட்பாள். இந்த வருடமும் கேட்டாள்.

"ரங்கி சாப்புட்டாளுங்ளாண்ணா?"

"சாப்புட்டாச்சு கண்ணு" என்று அள்ளி வைத்தேன். கரண்டியில் காந்தலும் சேர்ந்து வந்தது.