உயரத்தில் அடக்கி வைத்தது

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ‘மேல்மாடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கிரேன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்குவது அவர் வேலை. “மேல்மாடி காலியா?” என்று கீழேயிருந்து வாக்கி-டாக்கியில் வம்புக்கு இழுப்பார்கள். “வாடகைக்கு விட்டிருக்கேன்டா” என்பார்.

அறுபதை நெருங்கும்போது சிறுநீர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முக்கினால்தான் வரும், வந்தாலும் சொட்டுச் சொட்டாக. அதற்காக அடிக்கடி ஏணியில் இறங்கி ஏற முடியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். கூடவே வந்த இடுப்பு வலிக்குப் பழியை நாற்காலியின் தலையில் போட்டார். மனைவி கேட்டபோது, “வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது?” என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நண்பகல், பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது அடிவயிறு கல்லாக இறுகியது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை லாரியில் பதமாக வைத்தார். அதற்குமேல் ஏணியில் இறங்க முடியவில்லை. இடுப்பில் கயிறு கட்டித்தான் அவரைக் கீழே இறக்கினார்கள்.

மருத்துவமனையில் சிறுநீர் வடியக் குழாய் செருகியதும் போன உயிர் திரும்பியது. “அவ்வளவுதானே, கிளம்பலாமா?” என்றார். விடவில்லை. ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துச் சோதனை, எலும்பு ஸ்கேன் எல்லாம் பார்த்தபின் டாக்டரம்மா அவரையும் மனைவியையும் உட்காரவைத்தார்.

“வயசானா புராஸ்டேட் சுரப்பி வீங்கறது சகஜம். பல பேருக்கு மாத்திரையே போதும். ஆனா உங்களுக்கு வந்திருக்கறது புற்றுநோய். முதுகெலும்புவரைக்கும் போயிடுச்சு. உங்க இடுப்பு வலி அதனாலதான்.”

“வெட்டி எடுத்துடுங்களேன்.”

“எலும்புக்குப் போனதை எடுக்க முடியாதுங்க. கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம். ஆண் ஹார்மோன்தான் அதுக்குத் தீனி. தொடர்ந்து ஊசி போட்டு அதை நிறுத்தலாம். இல்லேன்னா ரெண்டு விதையையும் ஒரேயடியா எடுத்துடலாம்.”

வெளியே நடையில் வந்து நின்றவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “அதுக்கப்புறம் நான் என்ன ஆளு?”

“ராத்திரியெல்லாம் நீங்க முனகறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேங்க. முனகாத ஆளா இருந்தா போதும் எனக்கு.”

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். வலி மட்டுப்பட்டது. ஆனால் திடீர் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதித்தது. காரணமில்லாமல் கண் கலங்கியது. கிரேன் ஏற உடம்பில் தெம்பில்லை. தம்பியைக் கூப்பிட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, “நீயும் போய்க் காட்டுடா” என்றார். தம்பிக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரையோடு முடிந்தது.

இரண்டாம் வருடம் நோய் மறுபடி தலைதூக்கியது. கால்கள் விழுந்துவிட்டன. மறுபடியும் குழாய், பக்கத்தில் தொங்கும் சிறுநீர்ப் பை. அதைக் காலி செய்யத் தம்பி தினமும் வருவான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தம்பியும் வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு போவான்.

ஒரு காலையில் பையில் ஒன்றுமே சேரவில்லை. “அண்ணே” என்று தோளைத் தொட்டான். உடம்பு சில்லிட்டிருந்தது. அண்ணியைக் கூப்பிட்டான்.