நாற்பதுக்கு மேல் ஒரு மயிரிழை

எங்கள் தீவின் விஸ்கி வடிசாலையில் பீப்பாய்க் கிடங்கு இஷ்பெல் மக்ஃபெய்லின் பொறுப்பில் இருக்கிறது. அவளுக்கு உட்காரத் தெரியாது. மாதா கோயிலில்கூட கடைசி வரிசையில் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளை ஆட்டி வைத்தது மூலைப் பீப்பாய். மூடிக் கிடந்த வடிசாலையை மறுபடி திறந்த வருடம் நிரப்பியது. மே மாதம் வந்தால் ஐம்பது வயது. அது வரைக்கும் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஈரக் கிடங்கில் தண்ணீரைவிடச் சாராயம் வேகமாக ஆவியாகிறது. சாராயச் செறிவு நாற்பது சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் சட்டப்படி அது விஸ்கியே இல்லை. அரை நூற்றாண்டு வீண்.

வாரம் தவறாமல் அடைப்பைத் தட்டித் திறந்து அளந்தாள்.

"நீ அளந்து அளந்தே காலி பண்ணிடுவ போலிருக்கு," என்றான் மேலாளர் லாக்லன். பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. "இனிமே தொடாத."

தொடவில்லை. அது இன்னும் மோசம். கிடங்கைப் பெருக்குகிற சாக்கில் பீப்பாய் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூப் ஆறிப்போனது. கணவன் பேசியது காதில் விழவில்லை.

மார்ச்சில் சூடான வாரம் ஒன்று வந்ததும் அவனிடம் சொல்லாமல் திறந்து அளந்துவிட்டாள். நாற்பதுக்கு மேல் ஒரு மயிரிழை.

அவள் கூப்பிட்டதும் லாக்லன் ஓடி வந்தான். "பலமான முப்பது வருஷச் சரக்கு கொஞ்சம் கலந்துட்டா?"

"கலந்ததுல எது இளசோ அதோட வயசைத்தானே புட்டில போடணும், முப்பதுன்னு. உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும். சும்மா கேட்டேன்." பெருமூச்சு விட்டான். "ரெண்டே மாசம், இஷ்பெல். ஐம்பதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"எஃகுத் தொட்டிக்கு மாத்திடலாம். இறங்கறது நின்னுடும்."

"மரத்துல இருந்தாத்தானே வயசு ஏறும். அதுவும் நின்னுடும்."

"நாப்பத்தொம்பது என்ன சின்னப் பிள்ளையா?"

அளக்க எடுத்திருந்த குவளையை அவளிடமிருந்து வாங்கி அவன் ஒரு வாய் குடித்தான். விழுங்கிய பிறகும் உதட்டை மூடியே வைத்திருந்தான்.

"பம்பைக் கொண்டுவா. நான் மனசு மாறறதுக்குள்ள."

மதியத்துக்குள் பீப்பாய் காலி. கதவைப் பூட்டும்போது லாக்லன் கேட்டான்:

"இன்னிக்காவது நிம்மதியா உட்காருவியா?"

"பக்கத்துப் பீப்பாய்க்கு நாப்பத்தாறு ஆகுது. அது எவ்வளவுல நிக்குதோ," என்றவள், சாவியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.