காரியப் பக்கத்தில் விழுந்த வாழ்த்து

செம்பாக்கத்தில் பந்தல், பாத்திரம், நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடும் அக்கா ஒருவருக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். கல்லூரியில் படித்த வித்தை இல்லை. வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டி நானே கற்றது. "விழுந்தவனுக்குத்தான் பள்ளம் எங்க இருக்குன்னு தெரியும்" என்பார் எங்கள் தெரு ஆட்டோக்காரர். எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவின் போன்.

"இன்னாபா செஞ்சி வச்சிக்கீற? ஊரப்பாக்கத்துல ஒருத்தரு, அவங்கப்பா காரியத்துக்கு நாற்காலி புக் பண்ணிக்கீறாரு. பட்டன அமுக்குனா, 'உங்கள் இல்லத்தில் மங்களம் பொங்கட்டும், வாழ்த்துகள்'னு வருதாம். யாருக்குமா வாழ்த்து சொல்றீங்கன்னு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

கடைக்கு ஓடினேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாவலன்னா சைட்டே வேணாம், போனே போதும்" என்றார் அக்கா.

நான் செய்த முதல் சைட் அது. அதையே மூடிவிட்டால் அடுத்த கடைக்காரர் என்னை எதை நம்பிக் கூப்பிடுவார்?

நடந்தது இதுதான். முதலில் கல்யாணப் பக்கத்தை எழுதினேன். அதையே நகலெடுத்து காதுகுத்துக்கு ஒன்று, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, காரியத்துக்கு ஒன்று என்று வைத்தேன். தலைப்பு மாறியது, அடியில் இருந்த வாழ்த்து மாறவில்லை.

"அந்த வரிய இப்பவே மாத்திடறேன்க்கா."

"அப்பிடியே பள்ளிக்கரணைக்கும் வண்டி அனுப்புறோம்னு போட்டுடு."

"அத ஒவ்வொரு பக்கமா போய் மாத்தணும்க்கா. டைம் ஆகும்."

அக்கா சிரித்துவிட்டார். "எங்க கடையில கம்பு ஒண்ணுதான்பா. கல்யாணம்னா கலர் துணி, சாவுன்னா வெள்ளத் துணி. உன்ன மாதிரி பந்தலுக்குப் பந்தல் புதுக் கம்பு வாங்கினா, கடைய எப்பவோ மூடியிருப்பேன்."

ஒரு தடவை எழுதி வைத்துவிட்டு வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிட்டுக்கொள்ளும் அச்சு, அதுதான் கிளாஸ், காம்பொனென்ட் என்று வீடியோ பாடங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எழுதவும் தெரியும். எதற்கு என்றுதான் புரிந்ததில்லை. அந்தக் கடை வாசலில் நின்றபோது புரிந்தது. கம்புதான் கிளாஸ். துணி, நாம் வெளியிலிருந்து கொடுப்பது.

அன்றே உட்கார்ந்தேன். புக்கிங் படிவத்துக்கு ஒரே ஒரு கிளாஸ். பெயர், தேதி, எத்தனை நாற்காலி, வண்டி எந்தெந்த ஊருக்குப் போகும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே. நிகழ்ச்சியின் பெயரும், கடைசியில் காட்டும் வாசகமும் மட்டும் வெளியிலிருந்து வரும். யாராவது பக்கத்தைத் திறந்தால் சர்வர் அந்தக் கிளாஸைக் கூப்பிட்டு, "இது காரியம், இதைச் சொல்" என்று கையில் கொடுக்கும். அது படிவத்தைக் கட்டி அனுப்பும். வாசகம் கொடுக்காமல் கூப்பிட்டால் பக்கமே வராது, பிழை காட்டி நின்றுவிடும். தப்பான வாழ்த்து மறுபடி நுழைந்துவிடக் கூடாதென்று, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். நீள நீளமாகக் கிடந்த பக்கங்கள் ஆளுக்கு நாலைந்து வரியாகச் சுருங்கிப் போயின. பள்ளிக்கரணையை ஓர் இடத்தில் சேர்த்தேன், எல்லாப் பக்கத்திலும் வந்து நின்றது. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன் என்றால் நம்புங்கள்.

சனிக்கிழமை அக்கா தன் போனில் காரியப் பக்கத்தைத் திறந்து பட்டனை அமுக்கினார். "தங்கள் துயரில் பங்குகொள்கிறோம். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவோம்" என்று வந்தது. நிதானமாகப் படித்தார். பாராட்டவெல்லாம் இல்லை.

"வளைகாப்புக்கு ஒரு பக்கம் போட முடியுமா?"

அவர் ஒரு சமையல்காரரிடம் போனில் அண்டா வாடகை பேசி முடிப்பதற்குள் போட்டுவிட்டேன்.

"அதுக்குள்ளயா? டூப்பு வுடாதபா." திறந்து பார்த்தார். இருந்தது. "சரி, டீ சொல்றேன், உக்காரு."

அடுத்த வாரம் ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் எனக்கு முன்னால் அக்கா கடையின் குட்டி யானை வண்டி, முதுகு நிறைய நாற்காலியோடு நின்றது. பின்கதவில் இருந்த போன் நம்பரை அழித்துவிட்டு, அங்கே மஞ்சள் பெயின்ட்டில் சைட்டின் பெயரை எழுதியிருந்தார்கள். பச்சை விழுந்து வண்டி நகர்ந்தும் நான் நகரவில்லை.

பின்னால் பைக்கில் இருந்தவர் ஹாரன் அடித்தார். "அண்ணா, அப்பிடி இன்னா எழுதிக்கீது, நின்னு படிச்சிகினு கீற?"

"என் சைட்டுப்பா" என்றேன்.