இறங்காத தண்ணீர்

எண்பதுகளின் ஆரம்பத்தில், இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்தும் துரையின் பங்களாக் குசினியில் பாத்திரம் கழுவுவது என் வேலை. மலையில் கொழுந்தெடுக்கும்போது சறுக்கி விழுந்து முழங்கால் பிசகிய பிறகு கிடைத்த வேலை அது. சரிவில் அரைநாள் நின்றால் கால் வீங்கிவிடும். அதனால் அந்தக் குசினியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் வந்து சேர்ந்தது பாத்திரம் கழுவும் மெஷின். துரையின் மனைவியான துரைசானிக்கு, வெளிநாட்டில் இருந்த அவர் அண்ணன் அனுப்பியது. சாப்பிட்ட தட்டுகளை அப்படியே உள்ளே அடுக்கு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று துரைசானி சொல்லிக்கொடுத்தார். எனக்குக் குமட்டியது. எல்லோர் எச்சிலும் ஒரே தண்ணீரில் சுற்றிச் சுற்றி எல்லாத் தட்டிலும் படும். அதற்குப் பெயர் சுத்தமா? அவர் முன்னறைக்குப் போனதும் தட்டுகளைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய், தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, அலசி, அதன் பிறகே பெட்டிக்குள் அடுக்கினேன். ஒரு மாதம் இப்படியே போனது.

தட்டுகள் பளிச்சென்று வந்தன. துரைசானிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, இனி குசினிக்கு ஆள் தேவையில்லை, அடுத்த மாதம் முதல் நீ மலைக்கே போகலாம், கணக்கப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரனிடம் சொல்வது போலச் சொன்னார்.

மூன்றாம் நாள் மெஷின் மக்கர் பண்ணியது. கதவைத் திறந்தால், அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர் இறங்காமல் நின்றது. துரைசானி தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேலை போகிற ஆத்திரத்தில் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தார்.

"வேணுமின்னு கெடுத்திருந்தா, உனக்கு இந்தத் தோட்டத்திலயே வேலை இல்ல" என்றார்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவரும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பின்னால் தண்ணீர் வெளியேறும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. அதைக் கழற்றி வாய் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போனது. வெளியே கழிவுநீர் ஓடும் கானில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார், தடையில்லாமல் ஓடியது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. வெளியே அடைப்பு இல்லையென்றால் உள்ளே. உள்ளே அடுக்கியது நான்.

நின்ற தண்ணீரைக் கோப்பையால் மொண்டு வாளியில் ஊற்றச் சொன்னார். அவர் அடியில் இருந்த சல்லடையை எடுத்தார். அதற்கும் கீழே ஒரு மூடி. அதையும் கழற்றி, இரண்டு விரலை விட்டுத் துழாவினார். நனைந்த எலிக்குஞ்சு மாதிரி ஒரு நார்க்கட்டி வெளியே வந்தது. முள்ளுக்கரண்டி இடுக்கிலும் கோப்பைக் காதிலும் ஒட்டிப்போன என் தேங்காய் நாரெல்லாம் அங்கே சேர்ந்திருக்கிறது.

அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற துரைசானியிடம், டேங்க் தண்ணீரில் வந்த அழுக்கு, வேறொன்றுமில்லை என்றார். அந்த மனுஷனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். துரைசானிக்கு முகம் தெளிந்தது. அப்படியானால் மெஷினில் குறையில்லை, நான் சொன்னபடி ஒன்றாம் தேதி நீ மலைக்குப் போ என்றார்.

தப்பித்தோம் என்று பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. கழுவியது நான், பேர் பெட்டிக்கா?

"அம்மா, அது ஒரு மாசமா ஒரு தட்டும் கழுவல. எல்லாம் நான் கழுவி வச்சதுதான். அண்ணே கையில இருக்கிறது என்னோட நாரு."

அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மதியம் சாப்பிட்ட தட்டுகளைத் துரைசானி தானே எடுத்துவந்து, எச்சிலோடு அடுக்கி, மெஷினைப் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழங்கால் தெறித்தது, உட்காரத் தைரியமில்லை. தட்டுகள் சுத்தமாக வந்துவிட்டால் நான் பொய்க்காரி. மெஷினைக் கெடுத்தவள் என்று என் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று.

கதவைத் திறந்தார். தண்ணீர் முழுக்க இறங்கியிருந்தது. கண்ணாடிக் கிளாஸ்கள் நான் கழுவியதைவிட நன்றாகவே பளபளத்தன; பார்க்க எனக்கு வயிறெரிந்தது. ஆனால் தட்டுகளின் விளிம்பில் பருப்புக்கறி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துரைசானி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"இனிமே நார் போடாத" என்றார். "ஸ்பொஞ்ச் வாங்கித் தாறேன். அதால நல்லாக் கழுவிட்டு, பிறகு உள்ள வை."

மலைக்குப் போகவேண்டாம் என்று அவர் தன் வாயால் சொல்லவில்லை. நான் பின்கட்டுக்குப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்து அழுதேன். பாதி அழுகையில் சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தக் குசினியில் இருந்தேன். மெஷின் கழுவுவதற்காக, தட்டுகளைச் சுத்தமாகக் கழுவிக் கொடுப்பதுதான் என் வேலை.